வயதும் சுவாச நோயின் கடுமையும்

ஐதராபாத் நகரின் மேற்குப் புறத்தில், சேரிலிங்கம்பள்ளி மண்டலத்தில் உள்ள கொண்டாப்பூர், ஒரு தலைமுறைக்கு முன்னர் வரை சிற்றூராக இருந்தது. அதனை அடுத்துள்ள மாதாப்பூரில் 1998-ஆம் ஆண்டு சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்ட பின்னர் மென்பொருள் நிறுவனங்கள் பெருகின. அவற்றில் பணிபுரிவோர் குடியேறும் அடுக்குமாடி வீடுகளின் பகுதியாகக் கொண்டாப்பூர் மாறியது. வேலை தேடி வருவோர் பெரும்பாலும் இளவயதினர். ஆதலின் இங்குள்ள மக்கள் தொகையின் வயது அமைப்பு, பழைய நகரப் பகுதிகளின் வயது அமைப்பைப் போன்றதன்று. அதே வேளையில், கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் இல்லங்களில் பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொந்த ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாத்தா பாட்டியும் உண்டு. கைக்குழந்தை, பள்ளி மாணவன், முப்பது வயதுப் பொறியாளர், எழுபது வயது முதியவர் ஆகிய நால்வரும் ஒரே கூரையின் கீழ், ஒரே காற்றைச் சுவாசித்து வாழ்கின்றனர்.

இத்தகைய வீட்டினுள் ஒரு சுவாச வைரஸ் நுழைகிறது எனக் கொள்வோம். நால்வருக்கும் அது தொற்றக்கூடும். ஆனால் நால்வருக்கும் ஒரே விளைவு ஏற்படுவதில்லை. ஒருவருக்கு இரு நாள் சளி. மற்றொருவருக்கு மருத்துவமனைப் படுக்கையும் பிராணவாயுவும் தேவைப்படுகின்றன. இந்த வேறுபாட்டில் வயதின் பங்கு எவ்வளவு, அதனைப் புள்ளி விவரங்களிலிருந்து எவ்வாறு பிரித்தறிவது என்ற வினா மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. தடுப்பூசியை யாருக்கு முதலில் அளிப்பது, படுக்கைகளை எந்த வட்டாரத்தில் அமைப்பது என்று முடிவு செய்ய வேண்டிய நிர்வாகிக்கும் அது உரியதே.

தொற்றும் கடுமையும் வேறு வேறு

ஒரு வயதினரிடையே மரணங்கள் மிகுதியாக இருப்பதற்கு இரு காரணங்கள் இருக்கலாம். அவ்வயதினருக்கு நோய் அதிகமாகத் தொற்றியிருக்கலாம். அல்லது சமமாகத் தொற்றியும் அவர்களிடம் கடுமையாக முற்றியிருக்கலாம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை. மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிக்க இயலாது. ஏனெனில் நோய் முற்றியவரே பெரும்பாலும் மருத்துவமனைக்கு வருகின்றனர்.

பிரித்தறிய உதவும் சான்று ஐதராபாத்திலேயே கிடைத்தது. உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், பாரத் பயோடெக் நிறுவனம் ஆகியவை இணைந்து, பெருநகர மாநகராட்சியின் 30 வார்டுகளில் சுமார் 9,000 பேரின் இரத்தத்தைச் சோதித்தன. முடிவுகள் 2021 மார்ச்சில் வெளியிடப்பட்டன. கோவிட் வைரசுக்கு எதிரான எதிர்ப்பொருள், சோதிக்கப்பட்டவர்களில் 54 சதவீதத்தினரிடம் காணப்பட்டது. அவர்களில் முக்கால் பங்கினருக்கு மேற்பட்டோர், தங்களுக்கு நோய் வந்து போனதையே அறியாதிருந்தனர். வயது வாரியாகப் பார்த்தபோது பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. 70 வயதைக் கடந்தவர்களிடம் மட்டும் விகிதம் சற்றுக் குறைந்து 49 சதவீதமாக இருந்தது. முதியவர்கள் வெளியே நடமாடுவதைக் குறைத்துக்கொண்டதே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

அதாவது, தொற்றைப் பொறுத்த வரையில் முதியவர் மற்றவர்களைவிடச் சற்றுப் பாதுகாப்பாகவே இருந்திருக்கின்றனர். ஆயினும் மரணங்களில் அவர்கள் பங்கு மிகப் பெரியது. எனவே வேறுபாடு தொற்றியதில் இல்லை. தொற்றிய பின் உடலில் நிகழ்ந்ததில் இருக்கிறது.

குழந்தைகளின் நிலை இதற்கு மறுபக்கமாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2021 ஜூன்-ஜூலை மாதங்களில் நடத்திய நான்காவது தேசிய ஆய்வில், 6 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளில் 57.2 சதவீதத்தினரிடமும், 10 முதல் 17 வயது வரையிலானவர்களில் 61.6 சதவீதத்தினரிடமும் எதிர்ப்பொருள் இருந்தது. அப்போது இவ்வயதினருக்குத் தடுப்பூசி தொடங்கப்படவே இல்லை. ஆகவே இவை முழுதும் தொற்றினால் விளைந்தவை. நாட்டின் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரை வைரஸ் தொட்டுச் சென்றும், அவர்களுள் கடுமையாக நோயுற்றோர் மிகச் சிலரே.

2020-ஆம் ஆண்டில், தடுப்பூசி வருவதற்கு முன்பு, வளர்ந்த நாடுகளின் விவரங்களைத் தொகுத்துச் செய்யப்பட்ட ஒரு கணிப்பு இந்த ஏற்றத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. தொற்றியவர்களில் இறப்போரின் விகிதம் 10 வயதில் 0.002 சதவீதம், 25 வயதில் 0.01, 55 வயதில் 0.4, 65 வயதில் 1.4, 75 வயதில் 4.6, 85 வயதில் 15 சதவீதம். இது கூட்டு வட்டியைப் போன்று பெருகும் ஏற்றம். அறுபது வயதைக் கோடாகக் கொண்டு, அதற்குக் கீழே அச்சமில்லை, மேலே அபாயம் என்று கருதுவதற்கு இதில் இடமே இல்லை. கோடு நிர்வாக வசதிக்காக நாம் இழுப்பது.

தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் நோயாளிகளுடன் தொடர்புகொண்டவர்களைத் தேடிப் பரிசோதித்த விவரங்களைக் கொண்டு 2020-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டின் நிலையை எடுத்துரைத்தது. பரிசோதனையில் நோய் உறுதியானவர்களுள் இறந்தோர் 5 முதல் 17 வயதினரில் 0.05 சதவீதம்; 85 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 16.6 சதவீதம். ஏற்றம் இங்கும் அதுவே. ஆனால் மொத்த மரணங்கள் வளர்ந்த நாடுகளில் போல மிக முதிய வயதில் குவியவில்லை. 50 முதல் 64 வயது வரையிலானோரிடம் கணிசமாகக் குவிந்தன. நம் மக்கள் தொகையில் மிக முதியவர் குறைவு என்பது ஒரு காரணம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம்மவரை மேலை நாட்டவரைவிட இளம் வயதிலேயே பற்றிக்கொள்வதும் கருதத்தக்கது.

உடலில் நிகழ்வது

வயது என்பது நோய்க் காரணியன்று. பல மாற்றங்களின் சுருக்கக் குறியீடு. முதுமையில் நுரையீரலின் நெகிழ்வு குறைகிறது. சளியை மேலே தள்ளும் நுண்ணிழைகள் மெலிகின்றன. இருமும் ஆற்றலும் தளர்கிறது. மார்புக் கூட்டினுள் இருக்கும் தைமஸ் சுரப்பி இளமை முதலே சுருங்கி வருவதால், புதிய வைரசை அடையாளம் காணத்தக்க புதிய வெள்ளணுக்கள் முதியவர் உடலில் சிறுபான்மையாகிவிடுகின்றன. பழகிய பகைவனுக்குரிய படை இருக்கிறது. புதிய பகைவனுக்குரிய படை இல்லை.

இன்னொரு குறையும் அண்மையில் தெரியவந்தது. வைரஸ் நுழைந்த சில மணி நேரத்தில் உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்னும் பொருளே முதற் காவல். சிலர் உடலில் இந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறது. 70 வயதுக்கு உட்பட்டோரில் இத்தகையோர் ஆயிரத்துக்கு இருவர் அளவில் இருக்க, 70-ஐக் கடந்தோரில் நூற்றுக்கு நால்வர் அளவில் உள்ளனர். கோவிட் நோயால் இறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் இது காணப்பட்டதாக 2021-ஆம் ஆண்டின் ஆய்வு தெரிவிக்கிறது. குழந்தைகளின் மூக்கு உட்சவ்விலோ இந்த முதற் காவல் எப்போதும் விழிப்புடன் இருக்கிறது.

ஒவ்வொரு வைரசுக்கும் ஒரு வளைகோடு

மேற்கூறியதைக் கொண்டு, சுவாச வைரஸ் எதுவாயினும் முதியவருக்கே அபாயம், சிறுவர்க்கு இல்லை என்று முடிவு கட்டுவது பெருந்தவறாகும். ஆர்.எஸ்.வி. எனப்படும் வைரஸ் இரண்டு வயதுக்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையேனும் தொற்றிவிடுகிறது. பச்சிளங் குழந்தையின் மூச்சுக் குழல்கள் மிகக் குறுகியவை. குழலின் ஆரம் பாதியானால், சீராகச் செல்லும் காற்றுக்கு ஏற்படும் தடை 16 மடங்காகும் என்பது இயற்பியல் விதி. ஆகவே வளர்ந்தவருக்குச் சிறு சளியாக முடியும் வீக்கம், மூன்று மாதக் குழந்தைக்கு மூச்சுத் திணறலாகிறது. 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் சுமார் ஒரு இலட்சம் பேர் இவ்வைரசால் இறந்ததாகக் கணிக்கப்பட்டுள்ளது. அவர்களில் 45 சதவீதம் ஆறு மாதம் நிரம்பாதோர். பெரும்பாலோர் வறிய, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தோர். கோவிட்டில் அஞ்சத் தேவையில்லாத அந்தக் கைக்குழந்தையே ஆர்.எஸ்.வி.யில் வீட்டின் முதல் அபாயப் புள்ளி.

2009-ஆம் ஆண்டின் எச்1என்1 காய்ச்சல் மற்றொரு வடிவத்தைக் காட்டியது. இந்தியாவில் அந்நோய் முதன்முதலில் உறுதி செய்யப்பட்டது ஐதராபாத்தில்தான். 2009 மே மாதத்தில் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய ஓர் இளம் பயணியிடம் அது கண்டறியப்பட்டது. உலக அளவில் அந்நோயால் இறந்தோரில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் 65 வயதுக்கு உட்பட்டோர் எனக் கணிக்கப்பட்டது. பருவந்தோறும் வரும் சாதாரண ஃப்ளூ காய்ச்சலில் நிலை இதற்கு நேர் எதிர். 1918 முதல் 1957 வரை உலவிய எச்1என்1 வகையைத் தம் இளமையில் எதிர்கொண்டவர்களின் உடலில் அதன் நினைவு எஞ்சியிருந்ததே முதியவரைக் காத்தது. அங்கே வயது வலுவின்மையாக அமையவில்லை, அனுபவமாக அமைந்தது.

1918-ஆம் ஆண்டின் கொள்ளை நோயோ இவை அனைத்தினும் கொடியது. இந்தியாவில் மட்டும் ஒன்றேகால் கோடி முதல் ஒன்றே முக்கால் கோடி வரையிலானோர் இறந்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் கணிக்கின்றனர். மடிந்தவர்களில் 20 முதல் 40 வயது வரையிலானோர் பெருமளவினர். ஆண்களைவிடப் பெண்கள் மிகுதி. நிஜாம் ஆட்சியில் இருந்த ஐதராபாத் சமஸ்தானத்தின் மக்கள் தொகை 1911-இல் சுமார் 1 கோடியே 34 இலட்சம். 1921-இல் அது சுமார் 1 கோடியே 25 இலட்சமாகக் குறைந்தது. பஞ்சமும் பிளேக்கும் அந்தப் பத்தாண்டில் உடன் வந்தன என்றாலும், இன்ஃபுளூயன்சாவின் பங்கு முதன்மையானது.

உழைக்கும் வயதினர் மடிந்ததால் இந்நிகழ்ச்சி பொருளாதார நூல்களிலும் இடம்பெற்றது. வேளாண்மையில் மிகையான உழைப்பாளர் இருக்கின்றனர், சிலரை அகற்றினாலும் விளைச்சல் குறையாது என்ற கொள்கையைச் சோதிக்க, தியோடர் ஷுல்ட்ஸ் 1964-இல் வெளியிட்ட நூலில் 1918-ஆம் ஆண்டின் இந்திய நிகழ்ச்சியையே எடுத்துக்கொண்டார். உழைப்பாளர் சுமார் 8 சதவீதம் குறைந்தபோது, சாகுபடிப் பரப்பும் சுமார் 4 சதவீதம் குறைந்தது. ஆகவே மிகை உழைப்பு என்பது இல்லை என்றார். அமர்த்தியா சென் 1967-இல் இந்தச் சோதனையின் புள்ளியியல் முறையை மறுத்து எழுதினார். குடும்பத்தில் ஒருவர் இறப்பதும் ஒருவர் வேலையை விட்டு விலகுவதும் பொருளியலில் ஒன்றாகா என்பதை மாணவர்கள் இந்த விவாதத்திலிருந்து அறியலாம். கோவிட் மரணங்களைக் கொண்டு இத்தகைய சோதனை செய்ய இயலாது. அதன் வயது வளைகோடு வேறு.

சராசரி எங்கே ஏமாற்றுகிறது

2020 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட விவரப்படி, அதுவரை நிகழ்ந்த கோவிட் மரணங்களில் 53 சதவீதம் 60 வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ளோருடையவை. இதனைக் கேட்ட பலர், எஞ்சிய 47 சதவீதம் இளையவர்தானே, ஆகவே வயது அத்துணை முக்கியமன்று என வாதிட்டனர். இங்கு மறக்கப்பட்டது வகுக்கும் எண். மக்கள் தொகையில் அறுபதைக் கடந்தோர் சுமார் 10 சதவீதம். பத்துப் பங்கு மக்களிடம் 53 பங்கு மரணம். தொண்ணூறு பங்கு மக்களிடம் 47 பங்கு மரணம். தலைக்கு வகுத்தால் முன்னது 5.3, பின்னது 0.52. முதியவரின் இறப்பு விகிதம் பத்து மடங்கு. முதியவர் வீட்டினுள் இருந்து தொற்றைக் குறைத்துக்கொண்டதையும் கணக்கில் கொண்டால், தொற்றியவர்களிடையே உண்மையான இடைவெளி இதனினும் பெரிது.

இரு வட்டாரங்களை ஒப்பிடும்போது சராசரி செய்யும் பிழை இதைவிட நுட்பமானது. கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கொண்டாப்பூரைப் போன்ற புதிய குடியிருப்பு ஒன்றில் ஒரு இலட்சம் பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அவர்களில் 30,000 பேர் இருபது வயதுக்கு உட்பட்டோர், 65,000 பேர் 20 முதல் 59 வயதினர், 5,000 பேர் அறுபதைக் கடந்தோர். பழைய நகர்ப் பகுதி ஒன்றிலும் ஒரு இலட்சம் பேருக்குத் தொற்று. அங்கே முறையே 25,000, 57,000, 18,000 பேர். இரு இடங்களிலும் இலட்சத்துக்கு இறப்போர் சிறுவரில் 3, நடுவயதினரில் 150, முதியவரில் 3,000 என ஒரே அளவில் இருப்பதாகக் கொள்வோம். கணக்கிட்டால் புதிய குடியிருப்பில் மரணங்கள் 248. பழைய பகுதியில் 626. மருத்துவ வசதியில் எள்ளளவும் வேறுபாடு இல்லாதபோதே, இரண்டரை மடங்கு வித்தியாசம் தோன்றுகிறது.

இனிப் புதிய குடியிருப்பின் மருத்துவ ஏற்பாடு மோசமாக இருந்து, ஒவ்வொரு வயதிலும் இறப்பு ஒன்றரை மடங்கானது எனக் கொள்க. மரணங்கள் 373 ஆகும். அப்போதும் அது 626-ஐவிடக் குறைவே. ஆய்வுக் கூட்டத்தில் இரு எண்களை மட்டும் பார்க்கும் அதிகாரி, மோசமான வட்டாரத்தைப் பாராட்டிவிட்டு, நன்கு செயல்பட்ட வட்டாரத்தை விளக்கம் கேட்பார். அங்குள்ள 5,000 முதியவரின் அபாயம் எவர் கண்ணிலும் படாது. இப்பிழையைத் தவிர்க்க, இரு இடங்களின் வயது வாரி விகிதங்களையும் ஒரே பொது மக்கள் தொகையின் மீது பொருத்திக் கணக்கிட வேண்டும். இதுவே வயதுத் தரப்படுத்தல். பள்ளி மாணவன் செய்யக்கூடிய கணக்குதான். இருந்தும் நாளிதழ்களிலும் சில அறிக்கைகளிலும் 2020-இல் நாடுகளை நாடுகளோடு ஒப்பிட்டபோது பெரும்பாலும் செய்யப்படாத கணக்கு. 2011 மக்கள் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் அறுபதைக் கடந்தோர் 8.6 சதவீதமே, 65-ஐக் கடந்தோரே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ள இத்தாலியுடன் மொத்த இறப்பு விகிதத்தை நேராக ஒப்பிட்டு மகிழ்ந்ததில் பொருளில்லை.

இக்கணக்குக்கு அடிப்படை வயதுப் பதிவு. அதில் நம் நிலை போற்றத்தக்கதாக இல்லை. மக்கள் கணக்கெடுப்பில் வயதைக் கேட்டால் முதியவர்கள் 60, 65, 70 என ஐந்திலும் பத்திலும் முடியும் எண்ணையே கூறுவது பழைய வழக்கம். மருத்துவமனைப் பதிவேட்டிலும் அதுவே நிகழ்கிறது. உடன் வந்தவர் குத்துமதிப்பாகச் சொன்னது எழுதப்படுகிறது. மேலும், 2020-ஆம் ஆண்டில் நாட்டில் பதிவான மரணங்களுள் 22.5 சதவீதத்துக்கே மருத்துவர் காரணம் சான்றளித்தார். அறுபது என்ற எண்ணில் வந்து குவியும் வயதுகளைக் கொண்டு, 59-க்கும் 61-க்கும் இடையே வேறுபாடு காண முயல்வது வீண். பத்தாண்டு இடைவெளியில் தொகுப்பதே பாதுகாப்பானது.

தடுப்பூசியின் வரிசை

தடுப்பூசி இயக்கம் 2021 ஜனவரி 16-இல் சுகாதாரப் பணியாளர்களுடன் தொடங்கியது. 60 வயதைக் கடந்தோருக்கும், இணை நோயுள்ள 45 வயதைக் கடந்தோருக்கும் மார்ச் 1 முதலும், 45-ஐக் கடந்த எல்லாருக்கும் ஏப்ரல் 1 முதலும், 18-ஐக் கடந்தோருக்கு மே 1 முதலும் விரிவாக்கப்பட்டது. 15 முதல் 17 வயதினருக்கு 2022 ஜனவரி 3-இல்தான் தொடங்கியது. வயது வளைகோட்டை மேலிருந்து கீழே இறங்கிவரும் இந்த வரிசை நியாயமானதே. பொருள் ஈட்டும் வயதினருக்கு முதலில் அளித்தால் உற்பத்தி விரைவில் மீளும் என்ற மாற்று வாதத்திலும் பொருள் இருந்தது; இந்தோனேசியா 2021 தொடக்கத்தில் அவ்வழியே உழைக்கும் வயதினருக்கு முன்னுரிமை அளித்தது. ஆனால் ஓர் ஊசி காக்கும் உயிர்களின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டால், 75 வயதினருக்கும் 25 வயதினருக்கும் இடையே உள்ள இடைவெளி நூறு மடங்குகளில் அமைகிறது. உற்பத்தி வாதம் அதன் முன் நிற்காது.

வரிசை சரியாக இருந்தும் காலம் போதவில்லை. ஐதராபாத் ஆய்வின்படி, நகரில் எழுபதைக் கடந்தோரில் பாதிப் பேர் 2021 மார்ச் தொடக்கத்தில் எதிர்ப்பொருள் ஏதுமின்றி இருந்தனர். அவர்களுக்கு ஊசி திறந்துவிடப்பட்டதும் அதே மார்ச்சில்தான். இரு தவணைகளுக்கு இடையே கோவிஷீல்டுக்கு விதிக்கப்பட்ட இடைவெளி மார்ச் 22-இல் 6 முதல் 8 வாரமாகவும், மே 13-இல் 12 முதல் 16 வாரமாகவும் நீட்டிக்கப்பட்டது. இரண்டாம் அலை மே முதல் வாரத்தில் நாளொன்றுக்கு நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட தொற்றுகளுடன் உச்சத்தை அடைந்தது. 18 வயதினருக்கும் ஊசி திறக்கப்பட்ட அந்த வாரங்களில், முதல் தவணையுடன் காத்திருந்த முதியவர் பலர். மே 11-இல் மத்திய அரசு, தான் வழங்கும் தடுப்பூசியில் குறைந்தது 70 சதவீதத்தை இரண்டாம் தவணைக்கு ஒதுக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.